உன் புதுப் பலகையில் நான் வெட்டிய ஓட்டைகள்

தம்பி,

கதவைத் திறந்ததும் உன் கண் நேரே அடுப்படிக்குத்தான் போயிருக்கும். ஓம், ஓட்டைதான். ஒன்று அடுப்புக்குக் கீழே, மற்றது கூரையில். ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரிக் கிடக்கும். கள்ளன் எவனும் வரவில்லை. வெட்டியது நான். நீ ஒவ்வொரு ஞாயிறும் முதுகு முறிய நின்று பூட்டிய புதுப் பலகையைப் பாண் ரொட்டி வெட்டும் பல்லுக்கத்தியால் வெட்டினேன். புத்தி பேதலித்து அல்ல, நல்ல தெளிவோடும் நல்ல கோபத்தோடும்தான் வெட்டினேன். கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் நீ வருவதற்குள் எழுதி வைத்துவிட்டுப் போகப் போகிறேன். நேரில் நின்றால் நான் கத்துவேன். நான் கத்தினால் நீ காலில் கிடக்கிற சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாய், பிறகு "சரி அம்மா" என்பாய். அந்த "சரி அம்மா" எனக்கு வேண்டாம். காலையில் போனைப் பாதியில் வைத்தாயே, கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. முழுக்க வாசி.

முதலில் உன் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறகு அம்மாவுக்கு நல்லது ஒன்றும் கண்ணில் படாது என்று உன் பெண்சாதி கௌரியிடம் முறையிடாதே. இந்த வோன்வாகனை, காருக்குப் பின்னால் இழுத்துத் திரிகிற இந்தச் சில்லு வைத்த வீட்டை, டொச்சு பேசுகிற அந்த ஜேர்மன் கிழவியிடம் வாங்கியபோது உள்ளே கால் வைக்கவே எனக்கு மனம் வரவில்லை. சுவர்ப் பலகை ஈரம் குடித்து ஊதிப்போய், விரலால் அமத்தினால் பிட்டு மாதிரி உதிர்ந்தது. யன்னலோரப் பட்டைகள் கழன்று தொங்கின. மெத்தை முழுக்க, செத்துப்போன அவளுடைய புருசனின் சுருட்டு மணம். நீ அசரவில்லை. கூரை ஒழுகிய இடத்தை முதலில் அடைத்தாய். பழைய பலகையை உடையாமல் கழற்றி, பேப்பரில் வைத்துக் கோடு கீறி, அந்த வளைவுக்கே புதுப் பலகை வெட்டினாய். மூலைக்கு மூலை ஓரப்பட்டை பூட்டி, திருகாணித் தலை தெரியாமல் மேலே வெள்ளை ரப்பர் நாடா இழுத்தாய். உன் அப்பா ஒரு படம் மாட்ட ஆணி அடித்தாலே சுவர் பாவம் என்று இருக்கும். உனக்கு இந்தக் கை எங்கிருந்து வந்ததோ தெரியாது. மெத்தை உறையை நான் தைத்தேன், அதுவும் நீ அளந்து தந்த அளவில்தான். கலியாணம் முடிந்த நாள் முதல் எங்கள் ஒற்றை அறையில் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், இருமக்கூடக் கூச்சப்பட்டுக்கொண்டு படுத்துக் கிடந்த பிள்ளைகளுக்கு ஒரு கதவு, அந்தக் கதவைப் பூட்ட ஒரு திறப்பு. சனிக்கிழமை குடிவரப் போகிறீர்கள். எனக்குச் சந்தோசம் இல்லையா? இருந்தது. இன்றைக்குக் காலைவரை இருந்தது.

காலையில் உறைகளைக் கொண்டுவந்து மெத்தைக்குப் போட்டேன். வடிவாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் இருந்து பார்ப்போம் என்று இருந்தேன். இருந்து பார்க்கும்போதுதான் ஏதோ குறைகிறதே என்று பட்டது. அடுப்புக்குக் கீழே காற்றுப் போய்வர, சட்டம் சட்டமாக ஒரு காற்றுத் தட்டி இருந்தது, காணவில்லை. கூரையில் ஒன்று இருந்தது, அதையும் காணவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். வெளியே இரண்டும் அப்படியே இருக்கின்றன. உள்ளேதான் பலகையால் மூடியிருக்கிறாய். நீ மறந்து மூடியிருப்பாய் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வாங்கிய அன்று நீ வண்டிக்குக் கீழே படுத்து அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கிழவி என்னைக் கையில் பிடித்துக் கூட்டிப் போய் இரண்டு தட்டியையும் காட்டினாள். காஸ் எரியும்போது இவைதான் இந்த வீட்டின் மூக்கு, கசிந்தால் கீழே உள்ளதால்தான் இறங்கிப் போகும், ஒருநாளும் மூடாதே, குளிர்ந்தால் இன்னொரு சட்டை போடு என்றாள். வீட்டுக்கு வந்ததும் உனக்குச் சொன்னேன். நீயும் தலையாட்டினாய்.

அதனால் வோன்வாகன்கள் நிறுத்துகிற இந்த முகாமின் வாசலில் இருக்கிற போன் பெட்டிக்கு ஓடி, உன் ரெஸ்ரோரண்டுக்கு அடித்தேன். பின்னால் சட்டி பானைச் சத்தம். "தம்பி, காத்துத் தட்டியை மறந்துபோய் மூடிப்போட்டாய்" என்றேன்.

"மறக்கேல்லை அம்மா. தெரிஞ்சுதான் மூடினனான்."

"ஏன்ரா?"

"சமைக்கிற மணம் அதுக்குள்ளாலதான் வெளியில போகும். சுத்திவர டொச்சுக்காரர். நாறுது எண்டுவினம். எழும்பிப் போ எண்டால் நாங்கள் எங்கை போறது? வேலையில நிக்கிறன், பிறகு கதைப்பம்."

வைத்துவிட்டாய். நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனைப் பிடித்தபடியே நின்றேன். வெளியில் ஒரு மனுசன் தன் முறைக்குக் காத்துக்கொண்டு நிற்கிறான், எனக்கு அவனைப் பார்த்தும் ஆத்திரம், போனைப் பார்த்தும் ஆத்திரம். நாறுதாம். எது நாறுகிறது? உன்னை வளர்த்த சோறும் கறியும் நாறுகிறதா? சரி, அதைக்கூட விட்டுவிடுகிறேன். பிள்ளைகள் தாயை எவ்வளவோ சொல்லும், தாய்மாரும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் காஸ் அடுப்பு எரிகிற ஒரு சின்னப் பெட்டிக்குள் உன் பெண்சாதியை வைத்து, அந்தப் பெட்டிக்கு இருந்த மூக்கையும் பொத்திவிட்டு, தெரிந்துதான் செய்தேன் என்று சொல்கிறாயே. அதை எப்படி விட?

வேறு யாராவது செய்திருந்தால் தெரியாத்தனம் என்று சொல்லியிருப்பேன். நீ செய்தாய் என்பதுதான் என் வயிற்றை எரிக்கிறது. எண்பத்திமூன்று முடிவில் கிழக்கு பெர்லினில் வந்து இறங்கி, ரயிலேறி இந்தப் பக்கம் வந்து, அங்கே இங்கே என்று அலைக்கழித்து, கடைசியில் அகதிகளுக்கென்று வைத்திருந்த அந்த ஹைமில் கொண்டுபோய் விட்டார்களே, நினைவிருக்கிறதா? அறைக்குள் சமைக்கக் கூடாது என்று சட்டம். கீழே சாப்பாட்டு அறையில் காலையும் மாலையும் குளிர்ந்த பாணும் சீஸ் என்கிற மஞ்சள் கட்டியும் தருவார்கள். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, சிறையிலாவது சுடச்சுடத் தருவான் என்று சொல்லுவார். வேலை செய்யவும் விடமாட்டார்கள், ஊரைவிட்டு ஊர் போகவும் விடமாட்டார்கள், ஆக்கித் தின்னவும் விடமாட்டார்கள். அதனால் அந்த மாடியில் இருந்த நம் பெண்கள் எல்லோருமே கட்டிலுக்குக் கீழே ஒரு சின்னக் காஸ் அடுப்பை ஒளித்து வைத்திருந்தோம். அடுப்பை மூட்ட முதல் யன்னலை இறுக்கிச் சாத்துவோம், ஒரு துவாயை நனைத்து முறுக்கி, கதவுக்குக் கீழே திணிப்போம். எவரும் எவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிற மனுசன் மூக்கை நீட்டிக்கொண்டு நடைபாதையில் வருவான். அவன் காலடி கேட்டால் கறியும் கொதிக்காமல் நிற்கும் என்று நாங்கள் பம்பலடித்துச் சிரிப்போம். பம்பல்தான். ஆனால் அந்த மூக்குக்குப் பயந்துதான் எங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

அந்த மாடியில் கடைசி அறையில் ரஞ்சி அக்கா இருந்தா. புருசன் வந்து சேரவில்லை, கைக்குழந்தையோடு தனியாக இருந்தா. ஒருநாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குக் கஞ்சி வைக்கப் போனவ, சத்தம் இல்லை. நான் தட்டினேன், திறக்கவில்லை. கதவுக்குக் கீழே துவாய் இறுக்கமாக இருந்தது. நீதான் தோளால் இடித்தாய். கதவு உடைந்து நீயும் உள்ளே விழுந்தாய். ரஞ்சி அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தா, முகம் சிவந்துபோய், நித்திரை கொள்கிறவ மாதிரி. அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. புகையில்லை, மணமில்லை, ஒன்றுமில்லை, அடைத்த அறைக்குள் அடுப்பு கக்கின நச்சுக் காற்றுத்தான். நீ யன்னலைத் திறக்கவும் நேரமில்லாமல் கதிரையால் அடித்து உடைத்தாய். குழந்தையைத் தூக்கி அந்தப் பனிக்குள் தலையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் கையில் கண்ணாடி வெட்டி இரத்தம் ஓடியது, குழந்தை அழும்வரை நீ அசையவில்லை. இரண்டு பேரும் தப்பினார்கள். ரஞ்சி அக்கா இப்போது ஹம்பேர்க்கில் இருக்கிறா, இன்றைக்கும் அடிக்கடி தலையிடி என்று சொல்லுவா. உன்னைப் பற்றிக் கேட்காமல் போனை வைக்கமாட்டா.

இப்போது சொல். அந்தக் கையா இந்த ஓட்டையை மூடியது? மூடியது போதாதென்று உள்ளே மஞ்சள் நுரையையும் திணித்திருக்கிறாய். பலகையை வெட்டி அதை நான்தான் இழுத்து எடுத்தேன். அது நுரை இல்லை, தம்பி. நனைத்து முறுக்கின துவாய்தான் அது. நாங்கள் ஹைமைவிட்டு வந்து எத்தனை காலம்! அந்த மனுசன் எங்கேயோ, நாங்கள் எங்கேயோ. அவன் மூக்கை மட்டும் நீ கூடவே கொண்டு திரிகிறாய்.

உன்னை நான் கவனிக்காமல் இருக்கவில்லை. டொச் வகுப்புக்குப் போன நாட்களில் உன் ஜக்கெட்டைப் பொலித்தீன் பையில் கட்டி யன்னலுக்கு வெளியே தொங்கவிடுவாய். காலையில் அது விறைத்துப்போய் மட்டை மாதிரி நிற்கும். கறி மணம் பிடிக்கக் கூடாதென்று, அந்தக் குளிரை உடம்பில் போட்டுக்கொண்டு போவாய். நான் பேசாமல் இருந்தேன். இளம் பிள்ளை, நாலு பேரோடு பழக வேண்டும் என்று விட்டேன். பிறகு வாடகைக்கு வீடு தேடினோம். போனில் கேட்டால் வீடு இருக்கிறது என்பார்கள், வாசலில் போய் நின்றால் இப்போதுதான் கொடுத்தோம் என்பார்கள். ஒவ்வொரு முறையும் நீ உன் சட்டையை மணந்து பார்த்தாய். எனக்கு அப்போதே உன்னைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல் இருந்தது. அவர்கள் உன்னை மணந்து பார்த்துக் கதவைச் சாத்தவில்லை. உன்னைப் பார்த்தே சாத்தினார்கள். சட்டையை எத்தனைதரம் தோய்த்தாலும் அதற்கு மருந்தில்லை.

சரி, வெட்டின கதைக்கு வருகிறேன். தையல் நாடாவால் வெளியே யன்னல் ஓரத்தில் இருந்து தட்டிவரை அளந்து, அதே அளவை உள்ளே குறித்தேன். நீ விட்டுப்போன, திருகாணி முறுக்குகிற திருப்புளியைச் சுத்தியலால் அடித்து ஒரு துளை போட்டு, அதற்குள் பாண் கத்தியை விட்டு அறுத்தேன். கீழே உள்ளது முடிகிற நேரம் கௌரி சட்டி பானையோடு வந்தாள். வாசலில் நின்று, பாவம், மாமிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பாள்.

"மாமி, என்ன செய்யிறீங்கள்? இவர் எவ்வளவு பாடுபட்டுப் பூட்டினவர்!"

"இது ஏன் மூடிக் கிடக்கெண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும் மாமி. சமைக்கேக்க யன்னலும் திறக்கக் கூடாதெண்டு சொன்னவர். நான் ஓம் எண்டிட்டன்."

"செத்துப் போவாய் எண்டும் சொன்னவரோ?"

அவள் சட்டி பானையைக் கீழே வைத்தாள். நான் ரஞ்சி அக்காவின் கதையைச் சொன்னேன். நீ அவளுக்கு அதைச் சொல்லவே இல்லையாம். ஒரு உயிரைக் காப்பாற்றினதைக்கூடப் பெண்சாதிக்குச் சொல்லாதவன் நீ. கேட்டுவிட்டு அவள் மெத்தையில் இருந்து அழுதாள். பிறகு சொன்னாள், "மாமி, இந்திய ஆமி சண்டை பிடிக்கேக்க நாங்கள் நிலத்துக்குக் கீழ பங்கருக்குள்ள இருந்தனாங்கள். அதுக்கும் அப்பா காத்து வர ஒரு குழாய் விட்டவர். அதை விட்டுட்டு இங்கை வந்து..." மிச்சத்தைச் சொல்லாமல் எழும்பி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கதிரையில் ஏறி, என் கையில் இருந்த கத்தியை வாங்கினாள். கூரையில் இருக்கிற ஓட்டை அவள் வெட்டியது. என்னுடையதைவிட நேராக இருக்கும், பார். திட்டுவதென்றால் இரண்டு பேரையும் திட்டு.

அந்த நேரம்தான் கதவில் இடி மாதிரி ஒரு தட்டு. இந்த முகாமைப் பார்த்துக்கொள்கிற பெரிய மீசைக்காரன் நின்றான். முகம் சிவந்திருந்தது. கௌரி கத்தியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். நான் மனதுக்குள் அவனை நல்லாய் வாங்கு வாங்கென்று வாங்கத் தயாராக நின்றேன். நீ பயந்த ஆள் இவன்தானே, இன்றைக்கு இவனுக்கு என் அரைகுறை டொச்சில் பதில் சொல்லாமல் விடுவதில்லை என்று. அவன் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். மத்தியானம் ஆட்கள் ஓய்வெடுக்கிற நேரமாம், சுத்தியல் சத்தம் கூடாதாம், வாசல் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறதாம். அவ்வளவுதான். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, வெட்டிய இடத்தைக் கண்டான். யார் இதை மூடியது என்றான். என் மகன் என்றேன். அவன் தலையில் கை வைத்தான். "இதை மூடி வைத்திருந்தால் ஒரு இரவுகூட இங்கே படுக்க நான் விட்டிருக்கமாட்டேன்" என்றான்.

நான் விடவில்லை. சாப்பாட்டு மணம் பற்றி என் மகனிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. திரும்பவும் கேட்டேன். "உன் மகனோடு நான் குப்பைத் தொட்டி பற்றி மட்டும்தான் பேசினேன்" என்றான். வேறு யாராவது முறையிட்டார்களா என்றேன். இல்லை என்றான். எதிர் வண்டிக்காரன் ஞாயிறு தோறும் மீன் பொரிக்கிறான், அதுவும் நாறத்தான் செய்கிறது, அதற்கு நான் என்ன செய்ய என்று சொல்லி, திரும்பவும் கடிகாரத்தைத் தட்டிவிட்டுப் போனான்.

எனக்கு அதற்குப் பிறகுதான் கோபம் கூடியது. யாராவது உன்னை வெருட்டியிருந்தால் அந்த ஆளைத் திட்டி என் வயிற்றெரிச்சலைத் தீர்த்திருப்பேன். இங்கே யாருமில்லை. தட்டாத கதவுக்கு நீயாகவே துவாயை நனைத்துத் திணித்திருக்கிறாய். நாளைக்கே ஒருத்தன் வந்து மூக்கைச் சுளிக்கலாம், இந்த நாட்டில் அதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியாதா? சுளித்தால் சுளிக்கட்டும். அப்போது அவனோடு சண்டை பிடிப்போம், நானும் வருகிறேன். எழும்பு என்றால் எழும்புவோம், திரும்பவும் அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் படுக்கலாம், உன் அப்பாவின் குறட்டையைக் கேட்டுச் செத்தவர் எவரும் இல்லை. ஆனால் அவன் வருவதற்கு முதலே அவனுடைய வேலையை நீ செய்து கொடுக்காதே.

இன்னொன்று. கௌரி "ஓம் எண்டிட்டன்" என்று சொன்னாளே, அது எனக்குக் குத்தியது. இந்த நாட்டில் அவளுக்கு மொழி தெரியாது, ஆளைத் தெரியாது. நீ கிழக்கு என்றால் கிழக்கு, மேற்கு என்றால் மேற்கு. அவள் ஓம் என்று சொல்வது உன்னில் உள்ள நம்பிக்கையால். அப்படி நம்புகிறவளிடம் ஒன்றைச் சொல்ல முதல் நீ இரண்டுதரம் யோசிக்க வேண்டும். உன் வெட்கத்துக்கு அவளைக் காவல் வைக்காதே. அவள் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைப்பாள், மிளகாய் வறுப்பாள், கருவாடு கிடைத்தால் பொரிப்பாள். யன்னலைத் திறந்து வைத்துப் பொரிப்பாள். மணம் வெளியில் போகட்டும். அது போகாவிட்டால் போவது உயிர்தான்.

நாளைக்கு நீ வந்து இந்த ஓட்டைகளுக்கு ஒழுங்கான தட்டி வாங்கிப் பூட்டு. ஓரத்தை அராவி, சுற்றிவர அந்த வெள்ளை நாடாவையும் இழுத்துவிடு, வடிவாக வரும். அதற்குக் கை உனக்கு இருக்கிறது, எனக்கு வெட்டத்தான் தெரியும். பலகை பழுதாய்ப் போச்சே என்று துக்கப்படாதே. திரும்பவும் மூடினாயோ, திரும்பவும் வருவேன். கத்தியைக் கையோடு கொண்டு போகிறேன், பாணுக்கு நீ வேறு வாங்கு.

கௌரி இப்போது தாளிக்கிறாள். கடுகு வெடிக்கிறது, எல்லா யன்னலும் திறந்து கிடக்கின்றன. நீ பஸ்ஸால் இறங்கி வரும்போதே அந்த மணம் உனக்கு வந்திருக்கும். கால் ஒருகணம் நின்றிருக்கும், யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்திருப்பாய். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா? இப்போது யன்னலைச் சாத்த ஓடாதே. கையைக் கழுவிவிட்டு, அவளையும் பக்கத்தில் இருத்திச் சாப்பிடு. சனிக்கிழமை உங்கள் உடுப்புகளோடு வாருங்கள், இங்கே படுங்கள். ஞாயிறு காலை இரண்டு பேரும் எழும்பி, என்னை வயிறு நிறையத் திட்டுங்கள். எழும்பினால் போதும்.

அம்மா